வெளிநாட்டில் கைதானால் தூதரகம் என்ன செய்யும், எது அதன் கையில் இல்லை

இரவு பதினொரு மணிக்கு அறைத்தோழனிடமிருந்து போன் வரும். "அண்ணே, உங்க தம்பியப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எதுக்குன்னு தெரியல." அதற்குப் பிறகு ஊரில் நடப்பது அநேகமாக ஒரே மாதிரிதான். முதலில் விசா எடுத்துக் கொடுத்த ஏஜென்டைத் தேடுவார்கள். அவர் போனை எடுக்கமாட்டார். பிறகு எம்.எல்.ஏ. வீடு, கலெக்டர் ஆபீசில் மனு. நாலைந்து நாள் கழித்து யாராவது "எம்பசிக்கு எழுதினீங்களா?" என்று கேட்பார்கள். அந்த நாலைந்து நாளுக்குள் அங்கே வாக்குமூலம் எழுதப்பட்டு, தெரியாத மொழியில் கையெழுத்தும் வாங்கப்பட்டிருக்கும். பின்னால் எந்த வக்கீல் வந்தாலும் அந்தக் காகிதத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

தூதரகத்திடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது இரண்டு உடன்படிக்கைகளில் இருக்கிறது. இரண்டும் வியன்னாவில் உருவானவை. 1961ஆம் ஆண்டு உடன்படிக்கை தூதர்களையும் தூதரகங்களையும் பற்றியது. 1963ஆம் ஆண்டு உடன்படிக்கை துணைத் தூதரகங்களையும், வெளிநாட்டில் இருக்கும் குடிமக்களுக்கு அவை செய்யும் வேலைகளையும் பற்றியது. தம்பிக்கு வேண்டியது இந்த இரண்டாவதில் 36ஆம் பிரிவு.

அந்தப் பிரிவின்படி, பிடித்த போலீஸ் "உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி நீ கேட்கலாம்" என்று கைதானவரிடம் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் தகவல் கொடுக்க வேண்டும். அவர் தூதரகத்துக்கு எழுதுவதை அனுப்பிவைக்க வேண்டும். தூதரக அதிகாரி அவரை நேரில் பார்க்கலாம், பேசலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். அவ்வளவுதான். விடுதலையைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

இதில் பலரும் கோட்டைவிடுவது "கேட்டால்" என்ற சொல்லை. வேறு ஒப்பந்தம் இல்லாத இடத்தில், கைதானவர் வாய் திறந்து கேட்காவிட்டால் போலீசுக்குத் தகவல் கொடுக்கும் கடமை கிடையாது. உரிமையைச் சொல்லாமல் விட்டது போலீசின் தப்புதான், ஆனால் அதை நிரூபிக்கப் பல மாதம் ஆகும். எனவே வளைகுடாவுக்குப் போகிறவர்கள் விமானம் ஏறுமுன் இரண்டு அரபுச் சொற்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது: "சஃபாரா ஹிந்திய்யா", அதாவது இந்தியத் தூதரகம். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை இதையே திரும்பத் திரும்பச் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளரும் 36ஆம் பிரிவிலிருந்து வருபவர் அல்ல. அந்தந்த நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் அவரைத் தருகிறது. புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்ல வேண்டியது கைதானவர்தான். அந்த அறையில் அவருக்காகச் சொல்ல வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

"தாமதமின்றி" என்றால் எத்தனை மணி நேரம்? உடன்படிக்கை எண் எதுவும் தரவில்லை. மெக்சிகோ தன் குடிமக்களுக்காக அமெரிக்காவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2004இல் தி ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றம் இதைப் பார்த்தது. கைது செய்த அந்தக் கணமே என்றோ, விசாரணை தொடங்கும் முன்பே என்றோ அதற்குப் பொருள் இல்லை. பிடிபட்டவர் வெளிநாட்டவர் என்று தெரிந்ததும், அல்லது அப்படி எண்ணக் காரணம் கிடைத்ததும், உரிமையைச் சொல்லும் கடமை தொடங்கிவிடுகிறது என்றது. முதல் சுற்று விசாரணை தூதரகத்துக்குத் தெரியாமலேயே முடிந்துவிடுவதற்கு இந்த இடைவெளியே போதும்.

இதே "கேட்டால்" வேறு சிலருக்குக் கவசம். ஐரோப்பாவில் தஞ்சம் கேட்டு, குடிவரவுத் தடுப்பு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அரசுக்குப் பயந்து வந்தாரோ, அதன் தூதரகத்துக்கே தன் பெயர் போவதை அவர் விரும்பமாட்டார். அறிவிக்கவா என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லலாம். அவர் வெளிப்படையாக மறுத்தால் தூதரக அதிகாரிகள் அவர் சார்பில் எதையும் செய்யாமல் ஒதுங்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் ஒன்று: சில நாடுகள் தங்களுக்குள் தனி ஒப்பந்தம் போட்டு, கைதானவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அறிவித்தே ஆக வேண்டும் என்று வைத்திருக்கின்றன. படிவத்தில் கையெழுத்திடும் முன் இந்த நாட்டுக்கு அப்படி ஏதும் உண்டா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

36ஆம் பிரிவின் பலத்தையும் எல்லையையும் சேர்த்துப் பார்க்க, உளவாளி என்று பாகிஸ்தான் பிடித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கு போதும். 2016 மார்ச் 3 முதல் அவர் தங்கள் காவலில் இருப்பதாகச் சொன்ன பாகிஸ்தான், மார்ச் 25இல்தான் இந்தியாவுக்குத் தெரிவித்தது. 2017 ஏப்ரலில் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. இந்தியா தி ஹேக் போனது. 2019 ஜூலை 17 அன்று வந்த தீர்ப்பு, உளவுக் குற்றச்சாட்டு என்பதற்காக 36ஆம் பிரிவு இல்லாமல் போகாது என்றது. மூன்று வாரம் கழித்துச் சொன்னதைத் தாமதம் என்றது. சந்திக்க விடாததையும் மீறல் என்றது. ஆனால் இந்தியா கேட்ட விடுதலையைத் தரவில்லை, தண்டனையை ரத்து செய்யவுமில்லை. தீர்ப்பைப் பயனளிக்கும் விதத்தில் மறுபரிசீலனை செய்யுங்கள் என்று பாகிஸ்தானிடமே திருப்பிக் கொடுத்தது. ஒரு நாடே வாதாடி வென்று பெற்றது இவ்வளவுதான். "எம்பசி நினைத்தால் வெளியே கொண்டுவந்துவிடலாம்" என்று பணம் கேட்கும் ஏஜென்டிடம் இதைச் சொல்லலாம்.

சரி, எழுத வேண்டியதை எப்படி எழுதுவது? ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். அங்கே தரும் அடையாள எண்: சவுதியில் இகாமா, அமீரகத்தில் எமிரேட்ஸ் ஐடி, குவைத்தில் சிவில் ஐடி. கஃபீல் (விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளி) அல்லது நிறுவனத்தின் பெயரும் போன் எண்ணும். எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்தக் காவல் நிலையத்தார் பிடித்தார்கள். சர்க்கரை, வலிப்பு போல் தினமும் மருந்து எடுக்க வேண்டிய நோய் இருந்தால் அது. பார்த்தவர் பெயரும் எண்ணும். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல். குடும்பக் கஷ்டத்தை விவரிக்கும் மூன்று பக்கம் எந்த அதிகாரிக்கும் உதவாது.

அந்த அடையாள எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நம் பெயர்கள் அரபியில் எழுதப்படும் விதம். ஒரே "முருகேசன்" நாலு விதமாக எழுதப்படலாம். அப்பா பெயர் நடுவில் போகும், இனிஷியல் விரிந்து குடும்பப் பெயராக உட்காரும். பெயரை வைத்துத் தேடினால் "அப்படி யாரும் எங்களிடம் இல்லை" என்ற பதில் நேர்மையாகவே வரும். எண்ணை வைத்துத் தேடினால் ஆள் கிடைப்பார்.

யாருக்கு எழுதுவது என்பதிலும் தவறு நடக்கிறது. 1963 உடன்படிக்கையின்படி ஒவ்வொரு துணைத் தூதரகத்துக்கும் அந்த நாட்டு அரசு ஒப்புக்கொண்ட ஒரு எல்லை உண்டு. அதற்கு வெளியே அது வேலை செய்வதானால் தனி அனுமதி வேண்டும். சார்ஜாவில் பிடிபட்டவருக்காக அபுதாபித் தூதரகத்துக்கு எழுதினால், அது துபாய் துணைத் தூதரகத்துக்குத் திருப்பி அனுப்பப்படும். சவுதியில் தம்மாம், ஜுபைல் என்றால் ரியாத் தூதரகம். மக்கா, மதீனா, யான்பு என்றால் ஜித்தா துணைத் தூதரகம். குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமனில் இந்தக் குழப்பம் இல்லை, ஒரே தூதரகம்தான்.

வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகாரைப் பதிந்தால் ஓர் எண் வரும். பிறகு எம்.பி.க்கோ, சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலத்துறைக்கோ, முதல்வர் தனிப்பிரிவுக்கோ எழுதினாலும் அந்த எண்ணை மேலே போட்டு எழுத வேண்டும். எண் இல்லாத பத்து மனுக்கள் பத்து வழியில் சுற்றி, கடைசியில் தூதரகத்தில் அதே ஒரு மேசைக்குத்தான் வரும். அங்கே இருப்பவர் பத்துக்கும் பதில் எழுதிக்கொண்டிருப்பார், காவல் நிலையத்துக்குப் போகமாட்டார்.

அதிகாரி போய்ப் பார்த்தால் எதைக் கேட்பார்? அடித்தார்களா, மருந்து கிடைக்கிறதா, என்ன குற்றச்சாட்டு, வக்கீல் இருக்கிறாரா, குடும்பத்துக்கு என்ன சொல்ல வேண்டும். உள்ளூர் வக்கீல்கள் பட்டியல் தருவார். கையில் காசே இல்லாதவருக்கு, வசதியைச் சோதித்துப் பார்த்து, இந்தியச் சமுதாய நல நிதியிலிருந்து வக்கீல் செலவு, சிறு அபராதம், ஊர் திரும்பும் டிக்கெட் போன்றவை கிடைக்க வழி உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், அதையும் எழுத்தில் கேட்க வேண்டும். நீதிபதியிடம் பேசுவதோ, அந்த நாட்டுச் சட்டத்தைவிட நல்ல நடத்தை வாங்கித் தருவதோ அவர் வேலையில் இல்லை. அந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டே இந்த உரிமைகளைப் பயன்படுத்த வேண்டும் என்று 36ஆம் பிரிவின் இரண்டாம் பத்தியே சொல்கிறது. எனவே சிறையில் சந்திப்புக்கு வாரத்தில் ஒரு நாள்தான் என்றால் அவரும் அந்த நாளில்தான் போக முடியும். தண்டனை உறுதியான பிறகு மீதியை இந்தியச் சிறையில் கழிக்கக் கைதிகள் மாற்ற ஒப்பந்தங்கள் இருக்கின்றன. இந்தியாவில் அதற்கான சட்டம் 2003இல் வந்தது. இரு அரசுகளும் கைதியும் சம்மதிக்க வேண்டும்; வழக்கமாகக் குறைந்தது 6 மாதத் தண்டனையாவது பாக்கியிருக்க வேண்டும்; வேறு வழக்கு நிலுவையில் இருக்கக் கூடாது. மேல்முறையீடு ஓடும்போதே விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் அதிகம். அது நகராது.

ராமேசுவரம், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் பக்கம் இதெல்லாம் வேறு வடிவத்தில் தெரியும். நெடுந்தீவுக் கடலில் இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால், ஆட்கள் காங்கேசன்துறைக்கோ மயிலிட்டிக்கோ கொண்டுபோகப்பட்டு, மீன்வளத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு வருவார்கள். அங்கே வேலை செய்வது 2010இல் திறந்த யாழ்ப்பாண இந்தியத் துணைத் தூதரகம். அதிகாரிகள் சிறைக்குப் போய்ப் பார்க்கிறார்கள், துணிமணி கொடுக்கிறார்கள், வக்கீல் வைக்கிறார்கள். விடுதலையானாலும் உடனே விமானம் ஏற முடியாது, ஏனென்றால் மீனவரிடம் பாஸ்போர்ட் இருக்காது. ஒருமுறை ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழைத் தூதரகம் தர வேண்டும், அதற்கு இந்தியர் என்ற ஆதாரம் வேண்டும். கரையில் இருப்பவர்கள் முதல் நாளே ஆதார், மீனவர் அடையாள அட்டை நகல்களை மீன்வளத் துறை உதவி இயக்குநர் வழியாக அனுப்பிவைத்தால் கடைசியில் நாள்கள் மிச்சமாகும்.

படகின் கதை தனி. ஆளுக்குத்தான் 36ஆம் பிரிவு, படகுக்கு இல்லை. படகு இலங்கைச் சட்டப்படி வழக்குச் சொத்து. உரிமையாளர் பதிவுச் சான்றிதழோடு அந்த நீதிமன்றத்தில் சொன்ன தேதியில் நேரில் நிற்க வேண்டும், தவறினால் பறிமுதல். ஒத்திவைத்த தண்டனையோடு திரும்பியவர் மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனை உயிர்பெற்றுவிடும். அப்போது துணைத் தூதரகம் அவரைச் சிறையில் பார்க்கலாம், கூட்டிவர முடியாது.

அடுத்தது, தூதரகக் கட்டடம். "எம்பசிக்குள்ள போயிட்டா அது நம்ம நாடு" என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது நம் நாடு அல்ல. குவைத்தில் நிற்கும் இந்தியத் தூதரகம் குவைத் மண்ணில்தான் நிற்கிறது. 1961 உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு சொல்வது, தூதரகத் தலைவர் சம்மதிக்காமல் அந்த நாட்டு அதிகாரிகள் உள்ளே நுழையக் கூடாது என்பதை மட்டுமே. லண்டனில் ஈக்வடார் தூதரகத்துக்குள் 2012 ஜூனில் நுழைந்த விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்ச் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அங்கே இருந்தார். 2019 ஏப்ரல் 11 அன்று தூதரே அழைத்ததால் போலீஸ் உள்ளே வந்தது. 2024 ஏப்ரலில் அதே ஈக்வடார், தன் தலைநகர் கீத்தோவில் இருந்த மெக்சிகோ தூதரகத்துக்குள் போலீசை அனுப்பி முன்னாள் துணை அதிபரைப் பிடித்துப் போனபோது மெக்சிகோ உறவையே முறித்துக்கொண்டது. துணைத் தூதரகத்துக்குப் பாதுகாப்பு இன்னும் கொஞ்சம் குறைவு: அலுவலகப் பகுதிக்கு மட்டும்தான். அங்கே தீப்பிடித்தால் சம்மதம் கிடைத்ததாகவே எடுத்துக்கொண்டு தீயணைப்பு வண்டி உள்ளே வரலாம். 1961 உடன்படிக்கையில் தூதரகத்துக்கு அந்த விதிவிலக்குகூட இல்லை.

வீட்டு வேலையிலிருந்து தப்பித் தூதரகத்தில் தஞ்சமடையும் பெண்களுக்கு, போலீஸ் நுழையக் கூடாத இடம் என்பதற்கும் நம் நாடு என்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு முக்கியம். முதலாளி அவரை "ஓடிப்போனவர்" என்று பதிவு செய்திருப்பார். சவுதியில் ஹுரூப் என்பார்கள். உள்ளே இருக்கும்வரை போலீஸ் வராது. ஆனால் நாட்டைவிட்டு வெளியேறும் முத்திரை குடிவரவுத் துறையிடம்தான் இருக்கிறது. எனவே உள்ளே போன முதல் நாளே, நடந்ததைத் தேதிவாரியாக எழுதிக் கொடுத்து, சம்பளப் பாக்கியைக் கணக்கிட்டுத் தொழிலாளர் துறையில் புகார் போட வைக்க வேண்டும். புகார் எண் இருந்தால் ஹுரூபை எதிர்க்கலாம். இல்லாவிட்டால் அவர் ஓடிப்போனவராகவே கணக்கில் நிற்பார்.

முதலாளியே தூதரக அதிகாரியாக இருந்தால்? இங்கேதான் தூதரக அதிகாரிக்கும் துணைத் தூதரக அதிகாரிக்கும் உள்ள வேறுபாடு காசாகிறது. தூதரக அதிகாரியைக் கைது செய்ய முடியாது; குற்ற வழக்கு எதுவும் போட முடியாது. துணைத் தூதரக அதிகாரிக்கு விலக்கு அலுவல் வேலைக்கு மட்டும். கடும் குற்றமென்றால், நீதிமன்ற அதிகாரத்தின் உத்தரவோடு கைதும் செய்யலாம். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைக் கான்சல் ஜெனரல் தேவயானி கோப்ரகடே, வீட்டுப் பணிப்பெண்ணின் விசா விண்ணப்பத்தில் சம்பளத்தைப் பொய்யாகக் காட்டினார் என்று கைதானது இந்த இடைவெளியில்தான். இந்தியா அவரை ஐ.நா. தூதுக்குழுவுக்கு மாற்றி முழு விலக்கு வாங்கித் தந்தது. குற்றப்பத்திரிகை வந்த நாளில் விலக்கு இருந்ததால் 2014 மார்ச்சில் நீதிபதி அதைத் தள்ளினார். இரண்டே நாளில் புதிதாக ஒன்று தாக்கலானது.

பணிப்பெண் பக்கமிருந்து பார்த்தால், கதவு முழுக்க மூடியதில்லை. அதிகாரியின் பதவிக்காலம் முடிந்து அவர் ஊர் திரும்பியதும், அலுவல் சாராத செயல்களுக்கான விலக்கு போய்விடுகிறது. அதோடு, பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில், வீட்டு வேலைக்காரரை அடிமைபோல் நடத்திச் சம்பளம் தராமல் லாபம் பார்ப்பது "வணிக நடவடிக்கை" என்ற விதிவிலக்கில் வரும் (அதில் இந்த விலக்கு செல்லாது), பதவியில் இருக்கும்போதே சிவில் வழக்குப் போடலாம் என்றது. நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்து சொன்ன தீர்ப்பு அது. பிற நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. என்றாலும் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடக் கூடாது.

பாஸ்போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கும் கஃபீலிடம் சொல்ல வேண்டிய வரி ஒன்று உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் சட்டம் 1967, 17ஆம் பிரிவின்படி அது எப்போதும் இந்திய அரசின் சொத்து. தூதரகம் எழுதும் கடிதத்தில் இந்த வரி இருந்தால் பல முதலாளிகள் கொடுத்துவிடுவார்கள். தொலைந்துபோனால் போலீஸ் புகார், புகைப்படம், பழைய நகல் கொடுத்து அவசரச் சான்றிதழ் வாங்கலாம். நகல்கூட இல்லையென்றால் சொந்த மாவட்டத்தில் விசாரித்து இந்தியர் என்று உறுதிசெய்ய வேண்டியிருக்கும், வாரக்கணக்கில் ஆகலாம். அவசரச் சான்றிதழ் இந்தியாவுக்குள் நுழையத்தான். அந்த நாட்டிலிருந்து கிளம்ப அவர்களுடைய அனுமதி வேண்டும்; காலாவதியான விசாவுக்கு அபராதம் இருந்தால் அது தனி.

இறப்பு நேர்ந்தால் 1963 உடன்படிக்கையின் 37ஆம் பிரிவுப்படி அந்த நாட்டு அதிகாரிகள் தகவலறிந்ததும் துணைத் தூதரகத்துக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். நடைமுறையில் நிறுவனமோ அறைத்தோழர்களோதான் முதலில் சொல்கிறார்கள். தூதரகம் இறப்பைப் பதிந்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, ஆட்சேபணையில்லாச் சான்று தரும். அதற்கு மருத்துவமனையின் இறப்பு அறிக்கை, போலீஸ் அனுமதி, வாரிசின் சம்மதக் கடிதம் வேண்டும். பிறகு எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துதல்) சான்றிதழ், விமானத்தில் சரக்குப் பதிவு. தாமதமாகும் இடங்கள் இரண்டு. இயற்கைக்கு மாறான இறப்பு என்றால் போலீஸ் விசாரணை முடியும்வரை உடலை விடமாட்டார்கள், அதில் தூதரகம் நினைவூட்டல் எழுதலாம், அவ்வளவுதான். இன்னொன்று ஊரில்: மனைவி ஒரு கடிதம், அண்ணன் இன்னொரு கடிதம் அனுப்பினால் தூதரகம் இரண்டையும் நிறுத்திவைக்கும். ஒரே கடிதம், மனைவி அல்லது பெற்றோர் கையெழுத்து, நோட்டரி சான்றொப்பம்.

உடலைக் கொண்டுவரக் கொடுக்கும் சம்மதமும், சம்பளப் பாக்கி, இழப்பீடு வாங்கக் கொடுக்கும் அதிகாரப் பத்திரமும் வேறுவேறு காகிதங்கள். துக்கத்தில் நிறுவனம் நீட்டும் ஒற்றைத் தாளில் இரண்டும் சேர்ந்திருக்கும், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியோடு. அதில் கையெழுத்துப் போட வேண்டாம். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பாக்கிக்கான அதிகாரப் பத்திரத்தைத் தூதரகத்தின் பெயரிலோ, அங்கே நம்பிக்கையான ஒருவர் பெயரிலோ தனியாக எழுதலாம். இந்திய அரசின் குடியேற்ற அனுமதி (எமிகிரேஷன் கிளியரன்ஸ்) பெற்றுப் போனவர் என்றால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில் விபத்து மரணத்துக்கு 10 லட்ச ரூபாய் உண்டு. போகும்போது எடுத்த அந்தப் பாலிசியின் நகல் பெரும்பாலும் ஏஜென்டின் அலுவலகத்திலேயே கிடக்கும், முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.